கருநாக்கும் சிவப்புப் பிடியும்

மார்ச் 4
எலும்பு வார்டு, ஒன்பதாம் கட்டில்

அக்கா,

இனிமேல் உன் குரலை என் காதால் கேட்கமாட்டேன் என்று நீ சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. குரலைத்தான் சொன்னாய். கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால்தான் நர்ஸிடம் கோடு போட்ட தாள் கேட்டு வாங்கி, மல்லாக்கப் படுத்தபடியே அட்டையை நெஞ்சில் நிறுத்தி எழுதுகிறேன். மேல்நோக்கிப் பிடித்தால் பேனா எழுதமாட்டேன் என்கிறது. பென்சில்தான். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். முப்பத்தேழு வயதில் ஒன்றாம் வகுப்புக் கையெழுத்து.

நடந்ததை வேறு யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்கள். நானும் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒன்பதாவது குதிப்பு. முதல் ஆறு தடவையும் பயிற்சியாளர் என் பட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே குதித்தார். ஏழிலிருந்து தனியாக. விமானக் கதவு, காற்று, நொடிகளை எண்ணுவது எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பாராசூட்டைத் திறந்தேன், திறந்தது. ஆனால் கயிறுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டன. காலை உதைத்து முறுக்கை அவிழ்த்தேன். பார்த்தால் இடது பக்கக் கயிறு ஒன்றில் முடிச்சு. பாராசூட் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே வந்து, உழுது போட்டிருந்த வயலில் விழுந்தேன்.

மண் இளகியிருந்ததால் பிழைத்தேன் என்கிறார்கள். இடது குதிகால் நொறுங்கிவிட்டது. முதுகெலும்பில் கீழே ஒரு எலும்பு நசுங்கியிருக்கிறது. கால் விரல்களை ஆட்டச் சொன்னார்கள், பத்தும் ஆடின. நரம்புக்குச் சேதம் இல்லையாம். சேர்ந்தபிறகு நடக்கலாம் என்கிறார் டாக்டர்.

ஏன் குதிக்கிறாய் என்று அதற்கு முதல் நாள் போனில் கேட்டாய். பதில் சொல்லுமுன் நீ கத்த ஆரம்பித்துவிட்டாய். பதினேழு வருஷமாக லிஃப்ட் குழிகளுக்குள் ஏறி இறங்குகிறேன். எத்தனை மாடி ஏறினாலும் நாலு பக்கமும் சுவர், தலைக்கு மேல் ஒரு சதுரம் வெளிச்சம். சுவர் இல்லாத உயரம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். எட்டு தடவை அது அற்புதமாகவே இருந்தது.

கோபம் தீரவில்லை என்றால் திட்டியாவது எழுது. உன்னிடம் திட்டு வாங்கி இருபத்துநாலு நாள் ஆகிறது. உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

தவளை


மார்ச் 11

தவளைக்கு,

'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். பத்தொன்பது வருஷமாக ரயில்வே ஸ்டேஷன் மைக்கில் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் கனிவாகப் பேச எனக்கு இப்போது தெம்பு இல்லை, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதம் வந்தது. படித்தேன். கெட்டிக்காரத்தனமாக ஓட்டை கண்டுபிடித்துவிட்டாய். சின்ன வயதிலும் இப்படித்தான். 'மரத்தில் ஏறாதே' என்றால் மதில்மேல் ஏறி நின்றுகொண்டு 'இது மரமா?' என்று கேட்பாய். தவளை என்று உனக்குப் பேர் வைத்தது சும்மாவா?

நீ ஒரு லிஃப்ட் மெக்கானிக். கயிறு அறுந்து யாரும் விழுந்துவிடக் கூடாது என்று பார்ப்பதுதான் உன் வேலை. அப்படிப்பட்டவள் போயும் போயும் ஆகாயத்தில் ஏறி, அங்கிருந்து விழுந்து... சரி, அதை விடு. அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

பால் குடிக்கிறாயா? உனக்குப் பிடிக்காது என்று தெரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி. முதுகுக்கு அடியில் தலையணை வைக்கச் சொல்லி அடம் பிடிக்காதே. மத்தியானம் ஜன்னல் வழியாக வெயில் நேரே உன் முகத்தில் அடிக்கும், திரையை இழுத்துவிடச் சொல். அந்த ஜன்னலின் கீழ்க் கொக்கி சரியாக மாட்டாது, காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். ஏதாவது காகிதத்தை மடித்துச் செருகச் சொல்.

சனிக்கிழமை உன் அத்தான் கண்ணாடிக் கடையை மூடிவிட்டு வருகிறார். பதினொரு மணி நேரப் பயணம், முழங்கால் வலியோடு வருகிறார். அவரை நிற்கவைத்துப் பேசாதே.

போன் பண்ணாதே. நான் எடுக்கமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. இல்லை, கோபத்தில்தான் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்.

அக்கா


மார்ச் 20
ஒன்பதாம் கட்டில்

அன்புள்ள அக்கா,

அத்தான் வந்தார். உட்காரவைத்துத்தான் பேசினேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். மறுபடி கேட்டால் மறுபடி துடைக்கிறார். நாலு தரம் துடைத்தார், அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மூன்றாம் தரம் படிக்கும்போதுதான் உறைத்தது. என் கட்டில் ஜன்னல் ஓரம் என்று நான் எழுதவே இல்லையே. கொக்கி மாட்டாது என்பதை யார் உனக்குச் சொன்னது?

காலை வேளை நர்ஸிடம் கேட்டேன். "ஆமா, நீங்க மருந்து மயக்கத்துல இருந்தப்ப ஒரு அம்மா ரெண்டு நாள் வந்து உக்காந்திருந்தாங்க. பாவம், வாய் பேச முடியாதவங்க போல. என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவாங்க. நீங்க முழிச்சுக்கப் போறீங்கன்னு சொன்னதும் விறுவிறுன்னு போயிட்டாங்க" என்றாள். எப்படி இருந்தார்கள் என்றேன். "பழுப்புக் கைப்பை வெச்சிருந்தாங்க. அதோட வாரைக் கம்பியால முறுக்கிக் கட்டியிருந்தது" என்றாள்.

அந்தக் கம்பியை முறுக்கியது நான்தானே அக்கா. புதுப் பை வாங்கிக்கொள் என்று அத்தான் சொன்னார், தூக்கிப் போடுவதாவது என்று நான்தான் லிஃப்ட் கம்பியை வைத்துச் சரிசெய்து கொடுத்தேன்.

ஊருக்கெல்லாம் மைக்கில் பேசுகிறவளை என் வார்டில் ஊமை என்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதுகு வலித்ததால் சிரிக்கவில்லை. ஏன் அக்கா, வந்தவள் ஏன் ஓடினாய்?

நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் ஸ்டேஷன் விசாரணை எண்ணுக்குப் போன் போட்டால் நீ எப்போதோ பதிவு செய்து வைத்த குரல் வரும். 'வண்டிகளின் நேரத்திற்கு ஒன்றை அழுத்தவும்.' தினம் மூன்று வேளையும், மாத்திரை போட்டதும், ஒன்றை அழுத்திக் கேட்கிறேன். காலை ஆறு நாற்பது வண்டி இரண்டாம் நடைமேடை. ஏழு இருபது மூன்றாம் நடைமேடை. எனக்கு மனப்பாடம். எந்த ஊருக்குப் போகப்போகிறீர்கள் என்று பக்கத்துக் கட்டில்காரி கேட்கிறாள்.

உடம்பு சேர்ந்துகொண்டு வருகிறது. இடுப்பைச் சுற்றிக் கெட்டியாக ஒரு பட்டை கட்டி, இரண்டு பக்கமும் கம்பி உள்ள இடத்தில் நிற்கவைத்துப் பார்த்தார்கள். வலது காலில் நின்றால் போதுமாம். என்னால் முடியவில்லை. வலியால் இல்லை. எழுந்ததும் தரை என்னை நோக்கி மேலே வருகிறது. அன்றைக்கு வந்த மாதிரியே. உடனே உட்கார்ந்துவிட்டேன். எலும்பு ஒழுங்காகச் சேர்கிறது என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுகிறார். பயத்தைப் படம் பிடிக்கிற இயந்திரம் அவரிடம் இல்லை.

தவளை


மார்ச் 28

தவளை,

ஆமாம், வந்தேன். ஸ்டூலைப் போட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தபடி தூங்கினாய், பத்து வயதில் தூங்கியது மாதிரியே. உன் நகத்தில் வயல் மண் இருந்தது. என் கைக்குட்டை முனையை நனைத்துத் துடைத்தேன்.

இதை நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தரம் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடச் சொல்லி உன் அத்தானை வாசலில் நிற்கவைத்திருக்கிறேன்.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை. இருந்தது. நீ விழுந்தாய் என்று போன் வந்த நிமிஷமே அது போய்விட்டது. இப்போது இருப்பது பயம். என் வாயைக் கண்டு எனக்கே பயம்.

அன்றைக்கு, நீ குதிப்பதற்கு முதல் நாள், நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? குரலைக் கேட்கமாட்டேன் என்றதைத்தான் எழுதியிருக்கிறாய். அதற்கு முன்னால் சொன்னதை விட்டுவிட்டாய். என்மேல் இரக்கப்பட்டு விட்டாயோ என்னவோ. "குதிக்கிறதுன்னா குதிச்சுக்கோ. போய் விழுந்து தொலை!" என்றேன். மறுநாள் நீ விழுந்தாய்.

எனக்குக் கருநாக்கு என்று வீட்டில் எல்லோரும் கேலி பண்ணுவார்கள். நான் சொன்னால் அப்படியே பலித்துவிடும் என்று. சுவர்க் கடிகாரம் நின்றுவிடும் என்றேன், நின்றது. மாடி வீட்டு மாமாவின் புது சைக்கிள் தொலையும் என்றேன், தொலைந்தது. நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அம்மா விஷயம் வரைக்கும்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "எப்படா வீட்டுக்கு வருவேன்னு இருக்குடி" என்றாள். நான் சமையலறையிலிருந்து விளையாட்டாக, "நீ இப்போதைக்கு வரமாட்டே, நிம்மதியா இரு" என்றேன். பத்தொன்பது வயது, வாய்க்குப் பூட்டு இல்லை. அம்மா வரவே இல்லை.

நீ கண் விழித்தால் நான் ஏதாவது பேசவேண்டும். 'சரியாகிவிடும்' என்று சொல்லவேண்டும். பயத்தில் என் வாய் வேறு எதையாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் ஓடினேன். இப்போது மைக் முன்னாலும் உட்காருவதில்லை. 'தாமதமாக வரும்' என்று சொன்னால், என் வாயால்தான் தாமதமோ என்று தோன்றுகிறது. டிக்கெட் கவுன்ட்டருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட்டை நீட்டினால் போதும், பேசவேண்டியதில்லை. நீ கேட்கிற பதிவுக் குரல் மட்டும்தான் என் சார்பில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

நீ எழுந்து நிற்கவேண்டும் என்று ராத்திரி பகலாக நினைக்கிறேன். நினைப்பேன். சொல்லமாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 3
ஒன்பதாம் கட்டில்

என் அக்காவுக்கு,

கருநாக்கு! அதற்குத்தானா இந்தப் பாடு? நீ எனக்குக் கொடுத்த சாபங்களை எல்லாம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஆமாம், இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன், பேனாவால். கவனித்தாயா?

எட்டாம் வகுப்பில் 'கணக்கில் முட்டைதான் வாங்குவே' என்றாய். எழுபத்தெட்டு வாங்கினேன். 'உருப்படவே மாட்டே' என்பது காலைக் காப்பி மாதிரி, தினமும் உண்டு. இன்று எனக்குக் கீழே நாலு மெக்கானிக்குகள் வேலை பார்க்கிறார்கள். கல்யாணமான புதிதில் அத்தானைப் பார்த்து 'இந்த மனுஷன் என்னோட பத்து நாள் தாங்கமாட்டார்' என்றாய். இருபத்தோரு வருஷம் ஆகிறது, வாசலில் நின்று உன் கடிதத்துக்குக் காவல் இருக்கிறார். 'உன்னைக் கட்டிக்க எவனும் வரமாட்டான்' என்றாய். இரண்டு பேர் வந்தார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். இத்தனை தப்பாகச் சொல்கிற நாக்கை ஸ்டேஷனில் எப்படி வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதற்குச் சிரிப்பு ஒத்துவராது. அம்மாவின் நோய் உடம்பெல்லாம் பரவிவிட்டது, இனி வீட்டுக்குத் திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். நீ சமையலறையிலிருந்து அப்படிச் சொன்ன நாளுக்கு ஒரு மாதம் முன்பே. அப்பா முன்அறையில் சித்தப்பாவிடம் சொல்லி அழுததை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். உன்னிடம் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பத்து வயதில் எனக்குப் பயம். அப்புறம் சொல்வதற்கு நேரமே வரவில்லை. நீ சொன்னதால் எதுவும் நடக்கவில்லை அக்கா. அது அதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

இனி என் விஷயம். முதல் கடிதத்தில் கயிறு முறுக்கிக்கொண்டது, விழுந்தேன் என்று எழுதினேன். அதில் பொய் இல்லை. ஆனால் நடுவில் நடந்த ஒன்றை முழுங்கிவிட்டேன். இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

குதிக்கும்போது மாட்டிக்கொள்ளும் பாராசூட் பையில் வலது பக்க நெஞ்சில் ஒரு சிவப்புப் பிடி இருக்கும். அதை இழுத்தால் கெட்டுப்போன பாராசூட் கயிறோடு மொத்தமாகக் கழன்று பறந்துவிடும். அடுத்து இடது பக்கப் பிடியை இழுத்தால் இரண்டாவது பாராசூட் திறக்கும். இரண்டாயிரத்து ஐந்நூறு அடிக்குள் சரியாகவில்லை என்றால் யோசிக்காதே, சிவப்பை இழு. முதல் நாள் பாடமே அதுதான். தரையில் தொங்கவிட்டு நூறு தரம் இழுக்கவைத்தார்கள். என் மணிக்கட்டில் உயரம் காட்டும் கருவி இருந்தது. நேரமும் இருந்தது.

என் கை சிவப்புப் பிடிக்குப் போகவில்லை. முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது. பதினேழு வருஷமாகக் கயிறு என்றால் இந்தக் கைக்கு ஒன்றுதான் தெரியும்: பிடி, அவிழ், சரிசெய். ஆள் தொங்கும்போது கயிற்றை விடுவது என்பது எங்கள் தொழிலில் கனவிலும் நினைக்கக் கூடாத காரியம். முள் இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டியதைப் பார்த்தேன். 'இதோ ஆச்சு, இன்னும் ஒரு இழுப்பு' என்றுதான் தோன்றியது. பிடியின் நினைவு வந்தபோது கீழே மரங்களின் கிளைகள் தனித்தனியாகத் தெரிந்தன. அதற்குமேல் இழுப்பதில் பயன் இல்லை. இரண்டாவது பாராசூட்டைத் தானாகத் திறக்கிற கருவி ஒன்றும் உண்டு, ஆனால் அது கல் மாதிரி விழுகிறவர்களுக்குத்தான். பாதிப் பாராசூட்டில் தொங்கிய என்னை அது பத்திரமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டது.

அந்தப் பாராசூட்டை மடித்துக் கொடுத்தவரை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், அதிர்ந்து பேசமாட்டார். எவ்வளவு ஒழுங்காக மடித்தாலும் என்றைக்காவது முடிச்சு விழும், அதற்காகத்தான் அந்தச் சிவப்புப் பிடி. விசாரணைத் தாள் என் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. 'கயிறு முறுக்கிக்கொண்டது' என்று எழுதியதோடு நிறுத்தி வைத்திருக்கிறேன். வெட்கம் அக்கா. லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தி கயிற்றால் விழுந்தாள் என்றால் ஐயோ பாவம் என்பார்கள். விடத் தெரியாமல் விழுந்தாள் என்றால் என்ன சொல்வார்கள்?

ஆக, உன் நாக்கும் இல்லை, அவர் கையும் இல்லை. என் கைதான். இவ்வளவுக்குப் பிறகும் உன் நாக்குக்குச் சக்தி உண்டு என்று நீ நம்பினால், 'எழுந்து நில்லு' என்று ஒரு தரம் சொல்லேன். எனக்கு இப்போது வேண்டியது அது ஒன்றுதான்.

தவளை


ஏப்ரல் 11

என் தவளைக்கு,

உன் கடிதத்தைக் கவுன்ட்டரிலேயே பிரித்துவிட்டேன். தப்பு. அம்மாவைப் பற்றிய இடம் வந்ததும் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவர்கள் யாரும் தெரியவில்லை. முதலில் நின்ற பெரியவர், "பரவாயில்லம்மா, என் வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றார்.

இருபத்தேழு வருஷம் நீ அதை உள்ளே வைத்திருந்திருக்கிறாய். இருபத்தேழு வருஷம் நான் என்னுடையதை வைத்திருந்தேன். ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே போர்வைக்குள் தூங்கினவர்கள் நாம். பத்து வயதில் உனக்கு நான் தலை பின்னிவிடும்போது நீ அவ்வளவு அமைதியாக இருப்பாயே, அப்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாயா? எனக்கு உன்னைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல் இருக்கிறது. இரண்டு அறை கொடுக்கவேண்டும் போலவும் இருக்கிறது.

அந்த விசாரணைத் தாளை இன்றே எழுதிக் கொடு. நாளைக்கு என்று வைக்காதே. மடித்துக் கொடுத்த அந்த மனிதர், 'என் கையால்தானே' என்று தினமும் எழுந்ததும் முதலில் நினைப்பார். பல் தேய்க்கும்போது நினைப்பார். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும். வெட்கத்தில் யாரும் செத்துப்... பார், மறுபடி வாய் எங்கே போகிறது என்று.

நீ கேட்டதை என்னால் சொல்ல முடியாது. நீ எழுதியதெல்லாம் புத்திக்குப் புரிகிறது, நாக்குக்குப் புரியவில்லை. நல்லதைச் சொல்லி, அது நடக்காமல் போனால் நான் என்ன செய்வேன்? என்னைக் கட்டாயப்படுத்தாதே.

பால் குடிக்கிறாயா என்று கேட்டேனே, அதற்கு மட்டும் நீ பதிலே எழுதவில்லை.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

பால் குடிக்கிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு.

தாளையும் கொடுத்துவிட்டேன். நடந்ததை நடந்தபடியே, உயரம் உட்பட. மூன்றாம் நாள் அந்த மடிப்புக்காரரே வந்து நின்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வெகுநேரம் கண்ணாடிக் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தார். "வீட்டுல கட்டில் விரிப்பை வெச்சு அதே மடிப்பை மடிச்சு மடிச்சுப் பாத்தேம்மா. எங்க தப்பு பண்ணேன்னே தெரியல" என்றார். நீங்கள் ஒன்றும் பண்ணவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வாரம் வேலைக்குப் போகிறாராம். நீ சொன்னது சரிதான் அக்கா. பல் தேய்க்கும்போதும் நினைத்தாராம், அவரே சொன்னார்.

போகும்போது பையிலிருந்து பழைய சிவப்புப் பிடி ஒன்றை எடுத்து என் கட்டில் கம்பியில் மாட்டிவிட்டுப் போனார். தினம் இருபது தரம் இழுக்கவேண்டுமாம். "மறுபடி குதிக்கறதுக்கு இல்லம்மா. கை கத்துக்கட்டும்" என்றார். இழுக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரி நான் நர்ஸைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் நிற்கத்தான் முடியவில்லை. இப்போது இரண்டு காலையும் ஊன்றலாம் என்றே சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் பதினோரு மணிக்குப் பயிற்சி அறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பயிற்சிக்காரி நல்லவள், "மெதுவா, மெதுவா" என்கிறாள். அவள் மெதுவா என்று சொல்லச் சொல்லத் தரை வேகமாக வருகிறது. இப்படியே உட்கார்ந்திருந்தால் கால் சூம்பிவிடும் என்று டாக்டர் நேற்றுக் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பயிற்சி அறையின் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். நல்லது எதுவும் சொல்லவேண்டாம். ஆறு நாற்பது வண்டி எந்த நடைமேடை என்று சொன்னாலும் போதும். பதிவு இல்லாமல், நேரில்.

தவளை


ஏப்ரல் 26

தவளை,

எண்ணை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நேற்று வியாழன். மூன்று தரம் போன் போடப் பார்த்தேன். கடைசி எண்ணுக்கு முன்னால் மூன்று தரமும் விரல் நின்றுவிட்டது. நீ அங்கே காத்திருந்திருப்பாய் என்று தெரியும். மன்னித்துக்கொள்.

இன்று மைக் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். 'நாலாம் நடைமேடைக்கு வரும்' என்று ஒரே ஒரு அறிவிப்பு. வண்டி நாலாம் நடைமேடைக்கே வந்தது. வீட்டில் சொன்னேன். உன் அத்தான், "அது உன் நாக்கால வரல, தண்டவாளம் அங்கதான் போகுது" என்றார். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தேன்.

அடுத்த வியாழனைப் பற்றி நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். எதிர்பார்க்காதே.

அக்கா


மே 2, வியாழன்
ஒன்பதாம் கட்டில்

அக்கா, அக்கா, அக்கா,

நீ பாட்டுக்குப் போனை வைத்துவிட்டாய். மீதியை நான் எழுதித்தானே ஆகவேண்டும்.

பதினொன்று பத்துக்கு மணி அடித்தது. பயிற்சிக்காரி எடுத்து, ஒலிபெருக்கியை அழுத்தி, கம்பிகளின் அந்தக் கடைசியில் இருந்த நாற்காலியில் வைத்தாள். பின்னால் ஒரு வண்டி கிளம்புகிற சத்தம் மட்டும் கேட்டது. "யாருங்க?" என்று அவள் இரண்டு தரம் கேட்டாள். எனக்குத் தெரியும். நீ மூச்சு விடுகிற சத்தமே எனக்குப் போதும். "அக்கா?" என்றேன். என் குரல் உன் காதில் விழுந்தது, உன் சபதம் அங்கேயே போயிற்று.

நீ தொண்டையைச் சரிசெய்துகொண்டு மைக் குரலில் "பயணிகளின் கனிவான" என்று தொடங்கினாய். அதற்குமேல் வரவில்லை. நான் அழ ஆரம்பித்தேன். பயிற்சிக்காரி, "அழாதீங்க, இன்னிக்கு முடியலன்னா அடுத்த வாரம் பாத்துக்கலாம், உக்காந்தே இருங்க" என்றாள். அது உன் காதில் விழுந்ததும் நீ பழைய அக்கா ஆகிவிட்டாய்.

"என்னடி அடுத்த வாரம்? ரெண்டரை மாசமா படுத்துக் கிடந்தது போதாதா? இன்னும் என்னடி உக்காந்துட்டிருக்கே? எழுந்து தொலையேண்டி!"

அடுத்த நொடி போன் வைக்கப்பட்டது. உன் வாயிலிருந்து அந்தத் 'தொலை' மறுபடி வந்துவிட்டதே என்று நீ நடுங்கிப் போயிருப்பாய். இந்நேரம் கவுன்ட்டரில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அதனால்தான் வார்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

நான் எழுந்துவிட்டேன் அக்கா. நீ சொல்லி முடிக்கும்போதே நின்றுகொண்டிருந்தேன். அம்மா போனதிலிருந்து அந்தக் குரல் 'எழுந்து தொலை' என்றதும் பள்ளிக்கூடத்துக்கு எழுந்து எழுந்து பழகின உடம்பு இது. என்னைக் கேட்காமலே எழுந்துவிட்டது. கயிற்றைக் கண்டால் அவிழ்க்கப் போகிற கை எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். உன் அதட்டலைக் கேட்டால் எழுந்துகொள்கிற கால்களும் என்னிடமே இருந்திருக்கின்றன.

கீழே பார்த்தேன். தரை வரவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. கொஞ்சம் தூசியோடு.

போன் இருந்த நாற்காலி வரைக்கும் நாலு அடி. கம்பியைப் பிடித்துக்கொண்டுதான். நாலாவது அடியில் குதிகால் சுரீர் என்றது, உட்கார்ந்துவிட்டேன். போனை எடுத்துக் காதில் வைத்தேன், வெறும் சத்தம்தான். இருந்தாலும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். பயிற்சிக்காரி மிரண்டு போய், "யாருங்க அவங்க?" என்றாள். "எங்க அக்கா. என்னை வளர்த்தவ" என்றேன்.

அடுத்த வியாழன் எட்டு அடி நடக்கவேண்டுமாம். அதே பதினோரு மணி, அதே எண். நேரத்துக்குப் போன் பண்ணு. நன்றாகத் திட்டு.

உன்
தவளை